சாதாரண தரத்துக்குப் பிறகு விவசாயம் படிக்க: மட்டக்களப்பு, அம்பாறைப் பிள்ளைகளுக்கு ஒரு வழிகாட்டி

தம்பியின் முதல் விண்ணப்பம் திரும்பி வந்தபோது எங்கள் வட்டையில் வெள்ளாமை வெட்டு நடந்துகொண்டிருந்தது. அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோகப் புறப்பட்ட நேரம் தபால்காரர் படலையில் நின்று மணியடித்தார். கடிதத்தில் ஒரே வரி: பிறப்புச் சான்றிதழிலும் பரீட்சைச் சான்றிதழிலும் பெயர் ஒன்றாக இல்லை. அந்த வருடம் அத்தோடு போயிற்று. பன்னிரண்டு வயதிலேயே வாய்க்காலில் தண்ணீர் திருப்பத் தெரிந்த பிள்ளை, விவசாயம் படிப்பதற்காக ஒரு வருடம் வீட்டில் காத்திருந்தான்.

அடுத்த வருடம் இடம் கிடைத்தது. இரண்டு வருடமும் அவனுடைய கோப்பைத் தூக்கிக்கொண்டு கந்தோர் கந்தோராக ஏறி இறங்கியவள் நான். படுவான்கரையில் இருந்து ஒவ்வொரு பயணமும் அரை நாள். எங்கே என்ன கேட்பார்கள், எதை முதலே செய்துவைக்க வேண்டும் என்று யாராவது ஒருவர் எழுதி வைத்திருந்தால் அந்த வருடம் வீணாகியிருக்காது. அதனால் எழுதுகிறேன். பத்தாம், பதினோராம் ஆண்டில் இருக்கும் தம்பி தங்கைமாருக்கும், உயர்தரம் முடித்து வீட்டில் இருப்பவர்களுக்கும், அவர்களுடைய அம்மா அப்பாமாருக்கும் இது.

1. எந்த வழியால் போவது என்பதை முதலில் தீர்மானியுங்கள்

விவசாயம் படிக்க ஒரே வழிதான் உண்டு என்று எங்கள் ஊரில் பலர் நினைக்கிறார்கள்: உயர்தரத்தில் உயிரியல் படித்து வந்தாறுமூலையில் இருக்கும் கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குப் போவது. அது ஒரு வழி. வேறு வழிகளும் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தீர்மானம் எடுக்கும் காலம் வேறு.

பத்தாம் ஆண்டில்: சாதாரண தரத்தில் மூன்றாம் தொகுதிப் பாடங்களுக்குள் 'விவசாயமும் உணவுத் தொழினுட்பவியலும்' இருக்கிறது. அதை எடுத்தால்தான் பின்னர் விவசாயம் படிக்கலாம் என்று இல்லை. எடுத்தால் உதவும், அவ்வளவுதான். தம்பி எடுக்கவில்லை, அதனால் எங்கும் தடைபடவில்லை. அதைவிட முக்கியம் விஞ்ஞானமும் கணிதமும். உயர்தரத்தில் உயிரியல் பிரிவுக்குப் போக விஞ்ஞானத்தில் குறைந்தது திறமைச் சித்தி, அதாவது 'சி' வேண்டும். எந்தப் பாடத்துக்கு ரியூசன் காசு கட்டுவது என்று வீட்டில் யோசிக்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

உயர்தரம், உயிரியல் பிரிவு: உயிரியலும் இரசாயனவியலும் எடுத்து, மூன்றாவது பாடமாகப் பௌதிகவியலுக்குப் பதிலாக விவசாய விஞ்ஞானம் எடுக்கலாம். இங்கே ஒரு பொறி உண்டு. பௌதிகவியலை விட்டால் மருத்துவம், பல் மருத்துவம், கால்நடை மருத்துவம் மூன்றுக்கும் விண்ணப்பிக்க முடியாது. 'விவசாய விஞ்ஞானம் சுகமான பாடம், புள்ளி கூடும்' என்று யாரோ சொன்னதைக் கேட்டு எடுத்துவிட்டு, கால்நடை வைத்தியராக வேண்டும் என்று பதின்மூன்றாம் ஆண்டில் அழுத பிள்ளையை எனக்குத் தெரியும். மாடு பார்க்கும் டொக்டராக ஆசை இருந்தால் பௌதிகவியலை விடாதீர்கள். பயிர், மண், நீர் என்றுதான் போகப் போகிறீர்கள் என்பது உறுதியென்றால் விவசாய விஞ்ஞானத்தை நம்பி எடுக்கலாம்.

உயர்தரம், தொழினுட்பப் பிரிவு: 2013இல் தொடங்கிய பிரிவு. இதில் உயிர்முறைமைகள் தொழினுட்பவியல் என்ற பாடம்தான் விவசாயத்துக்கு மிகக் கிட்டியது. அதோடு தொழினுட்பவியலுக்கான விஞ்ஞானம் கட்டாயம். மூன்றாவது பாடத்தைப் பட்டியலில் இருந்து தெரிவு செய்யலாம். விவசாய விஞ்ஞானமும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. எழுத்துப் பரீட்சையோடு செய்முறைப் பரீட்சையும் உண்டு. ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் தொழினுட்ப பீடத்தில் உயிர்முறைமைகள் தொழினுட்பப் பட்டப்படிப்பு இருப்பதால், அம்பாறைக் கரையோரப் பிள்ளைகளுக்கு இது வீட்டுக்குப் பக்கத்து வழி.

தொழிற்பாடத் துறை: சாதாரண தரத்தில் கணிதமோ வேறு பாடமோ தவறிவிட்டது என்று வீட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். 13 வருட உத்தரவாதக் கல்வித் திட்டம் 2017இல் தொடங்கியது. சாதாரண தரப் பெறுபேறு எப்படி இருந்தாலும் இதில் பன்னிரண்டாம் ஆண்டில் சேரலாம். தோட்டக்கலை, கால்நடை உற்பத்தி, உணவு பதப்படுத்தல் போன்ற பாடங்கள் இருக்கின்றன, முடிவில் என்.வி.கியூ. எனும் தேசிய தொழில் தகைமையின் நான்காம் மட்டத்துக்குப் போகலாம். எங்கள் பக்கத்து வீட்டுத் தங்கச்சி கணிதம் தவறி, தையல் பழகப் போகிறேன் என்று நின்றவள், இந்த வழியால் போனாள். பொறி எங்கே என்றால், எல்லாப் பாடசாலையிலும் இந்தத் துறை இல்லை. இருக்கும் பாடசாலையிலும் எல்லாப் பாடமும் இல்லை. 'எங்களிடம் இருக்கிறது' என்று பாடசாலை சொன்னால், 'எந்தெந்தப் பாடம்' என்று கேளுங்கள்.

உயர்தரத்துக்குப் பிறகு: விவசாயத் திணைக்களத்தின் விவசாயப் பாடசாலைகளில் இரண்டு வருட டிப்ளோமா. தம்பி போனது இதற்குத்தான். அம்பாறை மாவட்டத்தில் பாலமுனையில் ஒன்று இருக்கிறது. தமிழில் படிக்க விரும்புகிறவர்கள் பாலமுனை, வவுனியா இரண்டையும் பார்க்க வேண்டும். அம்பாறை நகரில் ஹார்டி உயர் தொழினுட்ப நிறுவனத்திலும் விவசாயத்தில் உயர் தேசிய டிப்ளோமா இருக்கிறது. அது ஆங்கில மொழி மூலம். ஆங்கிலம் என்றவுடன் பயந்து விட்டுவிட வேண்டாம். ஆனால் முதல் ஆறு மாதம் கஷ்டப்படத் தயாராகப் போங்கள்.

இந்த டிப்ளோமாக்களைப் பல்கலைக்கழகம் கிடைக்காதவர்களுக்கான மிச்சம் என்று பேசுவது எனக்குப் பிடிக்காது. கமநல சேவை நிலையத்தில் நாம் போய்ச் சந்திக்கும் விவசாயப் போதனாசிரியர்கள் இப்படி டிப்ளோமா முடித்து வந்தவர்கள்தான். நெல்லைத் தாக்கும் கபிலத் தத்திப் பூச்சிக்கு என்ன செய்வது என்று எங்கள் அப்பா கேட்பது அவர்களிடம்தான்.

2. பாடசாலையைத் தெரிவு செய்ய முன்னர் நேரில் போய்க் கேளுங்கள்

பாடத்தின் பெயர் நேரசூசியில் இருப்பதும், படிப்பிக்க ஆசிரியர் இருப்பதும் ஒன்றல்ல. இதை நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டோம். தம்பி சேர்ந்து ஐந்து மாதத்துக்குப் பிறகுதான் விவசாய விஞ்ஞானத்துக்கு ஆசிரியர் வந்தார். அதுவரை அந்தப் பாடவேளைகளில் பிள்ளைகள் நூலகத்தில் இருந்தார்கள்.

அதனால் சேர முன்னர் மூன்று விடயம் கேளுங்கள். இந்தப் பாடத்துக்கு நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா? சென்ற முறை எத்தனை பிள்ளைகள் இந்தப் பாடத்தோடு பரீட்சை எழுதினார்கள்? செய்முறைக்குத் தோட்டமும் ஆய்வுகூடமும் இருக்கின்றனவா? கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லும்போது தோட்டத்தைக் காட்டச் சொல்லுங்கள். புல் முளைத்துக் கிடந்தால் உங்களுக்கே விளங்கும்.

பாடசாலையில் சரியான பதில் கிடைக்காவிட்டால் வலயக் கல்விப் பணிமனைக்குப் போகலாம். மட்டக்களப்பு மாவட்டத்தில் மட்டக்களப்பு, மட்டக்களப்பு மத்தி, மட்டக்களப்பு மேற்கு, பட்டிருப்பு, கல்குடா என்று ஐந்து வலயங்கள். அம்பாறையில் தமிழ்மொழிப் பாடசாலைகளுக்குக் கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று, திருக்கோவில் வலயங்கள். எந்தப் பாடசாலையில் எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இருக்கிறார் என்ற விபரம் அங்கே இருக்கும். வேலை நாளில் காலை ஒன்பதுக்கு முன் போய் நில்லுங்கள். பத்து மணிக்குப் பிறகு கூட்டம் என்று எல்லாரும் எழும்பிவிடுவார்கள்.

ஆசிரியர் இல்லாத இடைவெளியை நிரப்ப, தேசிய கல்வி நிறுவகத்தின் பாடத்திட்டமும் ஆசிரியர் வழிகாட்டியும் தமிழில் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. தம்பிக்கு நான் அவற்றை அச்செடுத்துக் கொடுத்தேன். ஆசிரியர் வந்து சேர்ந்தபோது அவன் இரண்டு அலகு முடித்திருந்தான்.

3. மாவட்டம் மாறிப் படிக்கப் போகிறீர்களா? ஒரு நாள் இருந்து யோசியுங்கள்

பெரியகல்லாறு, களுவாஞ்சிகுடிப் பக்கத்துப் பிள்ளைகள் உயர்தரத்துக்குக் கல்முனைக்குப் போவது வழமை. பஸ் இருக்கிறது, ரியூசனும் அங்கேதான். ஆனால் களுவாஞ்சிகுடி மட்டக்களப்பு மாவட்டம், கல்முனை அம்பாறை மாவட்டம். பல்கலைக்கழக அனுமதியில் 40 சதவீதம் தேசிய மட்டத் திறமைக்கு, 55 சதவீதம் மாவட்ட அடிப்படைக்கு, 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. மட்டக்களப்பும் அம்பாறையும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருக்கின்றன. நீங்கள் எந்த மாவட்டம் என்பது வீட்டு விலாசத்தை வைத்துக் கணக்கெடுக்கப்படுவதில்லை. பரீட்சைக்கு முந்திய ஆண்டுகளில் எந்த மாவட்டத்துப் பாடசாலையில் படித்தீர்கள் என்பதை வைத்துத்தான். அதற்குப் பாடசாலை விடுகைப் பத்திரம் கேட்பார்கள்.

மாறுவது கூடாது என்று சொல்ல வரவில்லை. பழைய பாடசாலையின் விடுகைப் பத்திரத்தைப் போகும் அன்றே கேட்டு வாங்கி, சேர்ந்த திகதி, விலகிய திகதி இரண்டும் சரியா என்று அங்கேயே நின்று பாருங்கள். ஒரு நாள் பிசகினாலும் பிறகு அதிபரைத் தேடி அலைய வேண்டும். அதிபர் மாறிப் போயிருந்தால் இன்னும் மோசம்.

4. கோப்பு: இப்போதே தொடங்குங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் வாசிக்க நேரமிருந்தால் இதை வாசியுங்கள். எங்கள் ஒரு வருடம் போனது இங்கேதான்.

பிறப்புச் சான்றிதழ். வீட்டில் லமினேற் பண்ணி வைத்திருப்பதை நம்பியிருக்க வேண்டாம். பல இடங்களில் லமினேற் பண்ணியதை ஏற்கத் தயங்குகிறார்கள், பின்பக்கத்து முத்திரையும் தெரியாது. பிரதேச செயலகத்தில் புதிய பிரதி இரண்டு எடுங்கள். எங்கே போவது என்பதில்தான் அப்போது நாங்கள் ஏமாந்தோம். தம்பி பிறந்தது மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரியில். பதிவு இருந்தது நகரத்தில், மண்முனை வடக்கில். நாங்கள் முதல் நாள் எங்கள் ஊர்ப் பிரதேச செயலகத்தில் வரிசையில் நின்று, மத்தியானம் திரும்பினோம். எந்த ஆஸ்பத்திரியில் பிறந்தார், பதிவு இலக்கம் என்ன, பதிந்த திகதி என்ன என்பதைப் பழைய பிரதியில் பார்த்துக் குறித்துக்கொண்டு போங்கள்.

பெயர். பிறப்புச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டை, சாதாரண தரச் சான்றிதழ், உயர்தரச் சான்றிதழ், விடுகைப் பத்திரம் ஐந்தையும் மேசையில் வரிசையாக வையுங்கள். எழுத்தெழுத்தாகப் பாருங்கள். எங்களுக்கு வந்தது ஒரே ஒரு எழுத்து: பிறப்புச் சான்றிதழில் குறில், மற்ற எல்லாவற்றிலும் நெடில். பதினெட்டு வருடம் அதை யாரும் கவனிக்கவில்லை. அப்பாவின் பெயர் முதலெழுத்து, ஆங்கில எழுத்துக்கூட்டல், பிறந்த திகதி ஆகியவற்றிலும் இப்படி வரும்.

திருத்த வேண்டும் என்றால், எல்லாவற்றிலும் ஒன்றாக இருப்பது எது, தனியாக நிற்பது எது என்று பார்த்துத் தனியாக நிற்பதைத் திருத்துவது சுலபம். நாங்கள் பிறப்புச் சான்றிதழைத் திருத்தினோம். பிரதேச செயலகத்தில் பதிவாளர் பிரிவில் அதற்குரிய படிவம் தருவார்கள். பாடசாலை அனுமதிப் பதிவேட்டின் பிரதி, அம்மா அப்பாவின் பிறப்புச் சான்றிதழ்கள், விவாகச் சான்றிதழ் என்று கேட்டார்கள். அம்மாவுடைய பிறப்புச் சான்றிதழ் 1990ஆம் ஆண்டு இடம்பெயர்ந்தபோது தொலைந்து போயிருந்தது. அதை எடுக்க ஒரு தனி அலைச்சல். எல்லாமாக எங்களுக்கு மூன்று மாதமும் ஒரு கிழமையும். அறிவித்தல் வந்த பிறகு தொடங்கினால் முடிவுத் திகதிக்குள் ஒருபோதும் முடியாது. திருத்தம் முடியும்வரை சமாதான நீதவான் முன்னிலையில் ஒரு சத்தியக் கடதாசி முடித்து வைத்தால் சில இடங்களில் தற்காலிகமாக ஏற்றுக்கொள்வார்கள். அதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம்.

தேசிய அடையாள அட்டை. 15 வயது முடிந்தவுடன் விண்ணப்பிக்கலாம். பாடசாலையில் இருக்கும்போது அதிபர் மூலம் போவது இலகு. விலகிய பிறகு கிராம சேவகர் மூலம். படம் எந்தக் கடையிலும் எடுக்க முடியாது, ஆட்பதிவுத் திணைக்களம் அங்கீகரித்த ஸ்ரூடியோவில்தான் எடுக்க வேண்டும். கடைக்குள் போக முன்னரே அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பரீட்சைச் சான்றிதழ். போனில் எடுத்த பெறுபேற்றுப் பக்கத்தின் அச்சுப்பிரதியை வைத்துக்கொண்டு விண்ணப்பித்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். பாடசாலையில் அதிபர் ஒப்பமிட்ட பெறுபேற்றுப் பத்திரமோ, பரீட்சைத் திணைக்களத்தின் சான்றிதழோ கேட்பார்கள். திணைக்களத்தின் சான்றிதழை இணையம் மூலமும் கேட்டுப் பெறலாம். சாதாரண தரத்தை இரண்டு தடவை எழுதியவர்கள் இரண்டு தடவைக்கும் எடுத்து வையுங்கள்.

கிராம சேவகர் சான்றிதழ். வதிவிடமும் நன்னடத்தையும் சொல்லும் சான்றிதழ். பிரதேச செயலாளர் மேலொப்பமிட வேண்டும். இதை மட்டும் முன்கூட்டியே எடுக்காதீர்கள். காலம் கடந்தால் செல்லாது. அறிவித்தல் வந்ததும் எடுங்கள். கிராம சேவகர் கந்தோரில் இருக்கும் நாட்களும் வெளிக்களத்துக்குப் போகும் நாட்களும் கதவில் எழுதியிருக்கும், பார்த்துக்கொண்டு போங்கள். வாக்காளர் பதிவில் உங்கள் வீடு இருக்கிறதா என்றும் கேட்பார்; வாடகை வீட்டில் இருப்பவர்கள் இதில் தடுமாறுகிறார்கள்.

உறுதிப்படுத்திய பிரதிகள். எல்லாவற்றிலும் ஐந்து ஐந்து பிரதி எடுத்து, அதிபரிடமோ சமாதான நீதவானிடமோ 'உண்மைப் பிரதி' என்று ஒப்பமும் முத்திரையும் வாங்குங்கள். திகதி போடுகிறாரா என்று பாருங்கள். மூலப்பிரதியைத் தபாலில் அனுப்பவே கூடாது, யார் கேட்டாலும். நேர்முகத்தில் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கி வாருங்கள்.

இவற்றோடு விவசாயக் கழகம், சாரணர், விளையாட்டு, பாடசாலைத் தோட்டப் போட்டி என்று எந்தச் சான்றிதழ் இருந்தாலும் சேர்த்து வையுங்கள்.

5. அறிவித்தலைத் தவறவிடாமல் பிடிப்பது

எல்லா விவசாயப் படிப்புக்கும் ஒரே இடத்தில் அறிவித்தல் வராது. விவசாயப் பாடசாலை டிப்ளோமாவுக்கு விவசாயத் திணைக்களம் கோரும். கால்நடை டிப்ளோமாவுக்குக் கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களம் தனியாகக் கோரும். ஹார்டிக்கு இலங்கை உயர் தொழினுட்பக் கல்வி நிறுவகம் எல்லா நிறுவனங்களுக்கும் சேர்த்துக் கோரும். பட்டப்படிப்புக்குப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு. நான்கு வாசலையும் பார்க்க வேண்டும். நான் போனில் நான்கு இணையத்தளத்தையும் சேமித்து, வெள்ளிக்கிழமை இரவில் ஒரு தடவை திறந்து பார்ப்பேன். வெள்ளி ஏன் என்றால், அரச வர்த்தமானி வெளிவருவது அன்றைக்கு.

ஒவ்வொரு வருடமும் ஒரே மாதத்தில் வரும் என்று நினைத்திருக்காதீர்கள். உயர்தரப் பரீட்சைத் திகதி மாறினால் எல்லாம் மாறும். 'போன வருடம் ஓகஸ்டில்தான் வந்தது' என்று யாரோ சொன்னதை நம்பி இருந்த பிள்ளை ஒருவர் முடிவுத் திகதிக்கு மூன்று நாள் இருக்கும்போது என்னிடம் வந்தார்.

கேட்டுத் தெரிந்துகொள்ள இரண்டு இலக்கங்கள் உதவும். 1919 அரசாங்கத் தகவல் நிலையம், தமிழிலும் பேசலாம். 1920 விவசாயத் திணைக்களத்தின் ஆலோசனைச் சேவை. பயிருக்கு என்றாலும், எந்தப் பிரிவைக் கேட்பது என்று எனக்கு வழி சொன்னது அவர்கள்தான். உங்கள் கமநல சேவை நிலையத்தில் இருக்கும் விவசாயப் போதனாசிரியரிடமும் பெயரைச் சொல்லி வையுங்கள். தாங்கள் படித்த இடத்துக்கு ஒரு பிள்ளை போக விரும்புகிறது என்றால் அவர்கள் மனதோடு உதவுவார்கள்.

தனியார் நிறுவனம் ஒன்று 'விவசாய டிப்ளோமா, வேலை உறுதி' என்று விளம்பரம் போட்டால், காசு கட்ட முன்னர் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் அந்த நிறுவனமும் அந்தப் பாடநெறியும் பதிவாகி இருக்கிறதா என்று பாருங்கள். நிறுவனம் பதிவாகியிருந்து பாடநெறி பதிவாகாமலும் இருக்கலாம். இரண்டையும் பார்க்க வேண்டும்.

6. விண்ணப்பத்தை நிரப்பி அனுப்புவது

படிவத்தை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் பென்சிலால் நிரப்பிப் பாருங்கள். அறிவித்தலில் சொன்ன மொழியில் நிரப்புங்கள். மொழி மூலம் என்ற இடத்தில் தமிழ் என்று குறிக்க மறக்காதீர்கள். விவசாயப் பாடசாலைகளை விருப்ப ஒழுங்கில் எழுதச் சொன்னால், மொழி எங்கே எது என்று பார்த்து எழுதுங்கள்.

வயதெல்லை எந்தத் திகதிக்குக் கணக்கெடுக்கப்படும் என்று அறிவித்தலில் இருக்கும். பெரும்பாலும் விண்ணப்ப முடிவுத் திகதிதான். வருடம், மாதம், நாள் மூன்றையும் கணக்கிட்டு எழுத வேண்டும்.

கடித உறையின் இடது பக்க மேல் மூலையில் பாடநெறியின் பெயரை எழுதச் சொல்வார்கள். சின்ன விடயம், ஆனால் எழுதாவிட்டால் உங்கள் உறை வேறு மேசைக்குப் போய்விடும். பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைப் படம் எடுத்து வையுங்கள். முடிவுத் திகதி என்பது அவர்கள் கையில் கிடைக்க வேண்டிய திகதி, நாம் தபாலில் போடும் திகதி அல்ல. கார்த்திகை தொடக்கம் தை வரை எங்கள் பக்கம் வெள்ளம் வந்தால் பாதை மூடும். அந்த மாதங்களில் பத்து நாள் முன்னரே அனுப்புங்கள்.

பல்கலைக்கழக விண்ணப்பம் வேறு மாதிரி. உயர்தரப் பெறுபேறு வந்தபின் இணையத்தில் நிரப்ப வேண்டும், கைநூல் ஒன்று உண்டு. பாடநெறியும் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஒரு குறியீடு. எங்கள் பிள்ளைகள் வந்தாறுமூலையை மட்டும் போட்டுவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் கிளிநொச்சியில் இருக்கிறது. ருகுணுப் பல்கலைக்கழகத்தினது மாப்பலானவில். வீட்டை விட்டுப் போகத் தயார் என்றால் அவற்றையும் ஒழுங்கில் போடுங்கள். பட்டப்படிப்பு எங்கே என்றாலும் ஆங்கில மொழி மூலம், நான்கு வருடம். தம்பி அந்த ஒழுங்கைச் சரியாகப் போடவில்லை. போட்டிருந்தால் வேறு மாதிரி நடந்திருக்குமோ என்று அம்மா இப்போதும் கேட்பார்.

7. நேர்முகம்

கோப்பில் மூலப்பிரதிகள் முன்னால், பிரதிகள் பின்னால், அறிவித்தலில் கேட்ட அதே ஒழுங்கில். தம்பியிடம் முதலில் கேட்டது: வீட்டில் வயல் இருக்கிறதா? ஆம் என்றதும், 'உங்கள் வட்டையில் என்ன நெல் விதைக்கிறீர்கள், எத்தனை மாதம்?' ஏடி 362 என்றான், மூன்றரை மாதம், சிவப்பு நெல். ஏன் அதை விதைக்கிறீர்கள் என்றார்கள். 'அந்த அரிசியை வாங்க இங்கே ஆட்கள் இருக்கிறார்கள், சேர்' என்றான். அவர்கள் சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்களாம்.

வயல் இல்லாத வீட்டுப் பிள்ளைகள் பயப்பட வேண்டாம். உங்கள் மாவட்டத்தைப் பற்றித் தெரிந்திருந்தால் போதும். பெரும்போகம் எப்போது, சிறுபோகம் எப்போது, உங்கள் ஊருக்குத் தண்ணீர் எந்தக் குளத்தில் இருந்து வருகிறது. உன்னிச்சையா, நவகிரியா, சேனாநாயக்க சமுத்திரமா. மழையை நம்பிய மானாவாரி வயல் எங்கே இருக்கிறது. இவற்றை வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு மாலை இருந்து கேட்டுக்கொண்டு போங்கள். புத்தகத்தில் மனப்பாடம் செய்த பதிலை அவர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

8. செலவு

அரச பல்கலைக்கழகத்தில் படிப்புக்குக் கட்டணம் இல்லை. பாடசாலையில் உயர்தரமும் தொழிற்பாடத் துறையும் அப்படித்தான். டிப்ளோமாக்களுக்குப் பதிவு, விடுதி, சாப்பாடு என்று கட்ட வேண்டியது அந்தந்த வருட அறிவித்தலில் இருக்கும். அதை வாசிக்காமல் யாரிடமும் கேட்டு முடிவெடுக்காதீர்கள்.

கண்ணுக்குத் தெரியாமல் போகும் காசு வேறு. எங்கள் கொப்பியில் எழுதி வைத்த கணக்கின்படி பிரதிகள், படம், தபால், பஸ், சத்தியக் கடதாசி எல்லாம் சேர்த்து ஏழாயிரம் ரூபாய்க்கு மேல் போனது. அதில் பாதிக்கு மேல் இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை போன பயணங்களுக்கு. அப்பா ஒரு நாள் கூலியை விட்டு வந்த நாட்களை நான் அதில் சேர்க்கவில்லை.

வெள்ளாமைக் குடும்பங்களுக்கு ஒன்று சொல்கிறேன். மாசி, பங்குனியில் பெரும்போக நெல் விற்ற காசு கையில் இருக்கும்போதே விடுதிக்கும் முதல் மூன்று மாதச் செலவுக்கும் ஒரு தொகையைப் பிள்ளையின் பெயரில் வங்கியில் போட்டு வையுங்கள். வங்கிக் கணக்கு எப்படியும் தேவைப்படும். அழைப்புக் கடிதம் பெரும்பாலும் கையில் காசு இல்லாத மாதத்தில்தான் வருகிறது. பல்கலைக்கழகம் கிடைத்தவர்கள் மகாபொல புலமைப்பரிசிலுக்குத் தவறாமல் விண்ணப்பிக்க வேண்டும். வருமானச் சான்றிதழைக் கிராம சேவகரிடம் அப்போதே சொல்லி வையுங்கள்.

9. போய்ச் சேரும் நாள்

பாலமுனைக்கு மட்டக்களப்பில் இருந்து அக்கரைப்பற்று பஸ் ஏறினால் கல்முனை, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில் தாண்டி வரும். அட்டாளைச்சேனைக்கு முன்னால் இறங்க வேண்டும். நடத்துனரிடம் ஏறும்போதே சொல்லி வையுங்கள். ஹார்டிக்கு என்றால் காரைதீவுச் சந்தியில் திரும்பி, சம்மாந்துறை வழியாக அம்பாறை போகும் பஸ்.

அழைப்புக் கடிதத்தில் கொண்டுவர வேண்டிய பொருட்களின் பட்டியல் இருக்கும். அதில் இல்லாத சிலவற்றைத் தம்பி பிறகு கேட்டு வாங்கினான்: சேற்றில் நின்று வேலை செய்யப் பழைய உடுப்பு இரண்டு சோடி, வெயிலுக்குத் தொப்பி, ஒரு ரோர்ச், நுளம்பு வலை, கை வெட்டினால் போட மருந்து. படிப்பில் பாதி வயலில்தான். அதிகாலையிலேயே இறங்க வேண்டியிருக்கும், ஆகவே பெண்பிள்ளைகள் முழங்காலுக்குக் கீழே இறுக்கிக் கட்டக்கூடிய காற்சட்டை குறைந்தது இரண்டு கொண்டு போங்கள். கோப்பை வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். பதிவு நாளில் மூலப்பிரதிகளை மறுபடியும் கேட்பார்கள்.